நீ இழுத்த ஹேண்ட் பிரேக்

கண்ணு,

இது மூணாவது தாள். முதல் ரெண்டையும் கிழிச்சுப் போட்டாச்சு. நல்லா இருக்கியா, மாப்பிள்ளை சௌக்கியமா, யாழினி ஒழுங்கா சாப்பிடறாளான்னு ஆரம்பிச்சா அங்கேயே சுத்திச் சுத்தி வந்து முடிச்சிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால இந்தத் தடவை நலம் விசாரிக்கல. முழுசா படி. படிச்சு முடிச்சுட்டு எவ்வளவு வேணா திட்டு.

தரமணி லாரி யார்டுல உக்காந்து எழுதறேன். தாள் கிடைக்கல, ட்ரிப் ஷீட்டோட பின்பக்கத்துலதான் எழுதறேன். காலையில ஏழு மணியாகுது, அதுக்குள்ள ரெண்டு டீ ஆச்சு. ஒரு இடத்துல உக்கார முடியல. நாலு வரி எழுதறேன், எழுந்து கேட் வரைக்கும் போறேன், திரும்பி வரேன். வீட்டுல எழுதலாம்னா உங்கம்மா முந்தாநாள்லேர்ந்து என்கூடப் பேசறதில்லை. தட்டு வைக்கிறா, சோறு போடறா, முகத்தைத் திருப்பிக்கிறா. நான் அவகிட்ட ஒரு விஷயம் சொன்னேன், அதைக் கேட்டதுலேர்ந்து இப்படித்தான். கடைசியா அவ வாயிலேர்ந்து வந்தது ஒண்ணே ஒண்ணு. "புள்ளைகிட்ட வாயால சொல்ல உனக்கு வக்கில்ல. எய்தியாவது குடு. நீ குடுக்கலன்னா நான் போய் சொல்லுவேன்." அதான் எழுதறேன்.

போன ஞாயித்துக்கிழமைலேர்ந்து ஆரம்பிக்கிறேன். மந்தைவெளி வீட்டுலேர்ந்து நீங்க கிளம்பிக்கிட்டிருந்தீங்க. மாப்பிள்ளை டிக்கியில பையை வெச்சுக்கிட்டிருந்தாரு. நீ உங்கம்மாகிட்ட மாவடு பாட்டிலை வாங்கிக்கிட்டிருந்தே. யாழினி காருக்குள்ள முன்சீட்டுல ஏறி, நடுவுல இருக்கிற ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டிருந்தா. இன்ஜின்கூட ஓடல. நீ அதைப் பார்த்தே. பாட்டில் உன் கையிலேர்ந்து நழுவி உடைஞ்சுது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து அந்த ஆறு வயசுக் குழந்தையை அடிச்சே பாரு, கையில, தோள்ல, திரும்பக் கையில. "எதையும் தொடாதன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன்! வண்டி உருண்டு யாராவது செத்தா இன்னாடி பண்ணுவே?" வேளச்சேரி அபார்ட்மெண்ட்டுக்குப் போனதுலேர்ந்து உன் பேச்சே மாறிடுச்சு. பயத்துல மட்டும்தான் நம்ம வீட்டுப் பேச்சு உனக்கு வருது. மாப்பிள்ளை ஓடி வந்து, விடும்மா, சின்னக் குழந்தைதானேன்னாரு. நீ அவரைப் பார்த்து, "நானும் அப்ப சின்னக் கொயந்ததான்" அப்படின்னே. சொல்லிட்டு அந்த மாவடுத் தண்ணியிலேயே பிளாட்பாரத்துல உக்காந்துட்டே. 

நான் எங்கே இருந்தேன்? கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நீ எதை நெனச்சுப் பயப்படறேன்னு எனக்குத் தெரியும். அந்தப் பயத்தைப் போக்க ஒரே ஒரு வாக்கியம் போதும்னும் தெரியும். இருபத்திரண்டு வருஷமா அந்த வாக்கியம் என் தொண்டையில இருக்கு. அன்னைக்கும் நான் செஞ்ச வேலை உடைஞ்ச கண்ணாடியைப் பொறுக்கினது மட்டும்தான்.

இரு, வண்டி ஒண்ணு உள்ளே வருது. பார்த்துட்டு வந்துடறேன்.

வந்துட்டேன். பாபுன்னு ஒரு டிரைவர், நல்ல கைக்காரன், வாய்தான் நீளம். இந்த யார்டுல என் வேலை என்னன்னு உனக்கு முழுசா தெரியாது. லாரியை வித்துட்டு நான் சும்மா உக்காராம ஏதோ சூபர்வைசர் வேலை பார்க்கறேன்னு மாப்பிள்ளைகிட்ட நீ சொல்றதைக் கேட்டிருக்கேன். சூபர்வைசரும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி லாரி ஒவ்வொண்ணும் வெளியே போறதுக்கு முன்னாடி ஹேண்ட் பிரேக் பிடிக்குதான்னு பார்க்கறதுதான் என் வேலை. ஓனர் என்னை வேற எதுக்கோ கூப்பிட்டாரு. நான்தான் இதைக் குடுங்கன்னு கேட்டு வாங்கினேன். பாபு இன்னைக்கும் ஆரம்பிச்சுட்டான். "இன்னா பெருசு, டெய்லி இந்தப் பேஜாரு. மெட்ராஸ்ல மேடு எங்க கீது, ஹேண்ட் பிரேக் புடிக்காம உருண்டு போறதுக்கு?" எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "கீய எறங்குடா முதல்ல"ன்னு யார்டே திரும்பிப் பார்க்கற மாதிரி கத்திட்டேன். அவன் பாவம், முழிச்சான். அவன் சொன்ன அதே வார்த்தையை நான் அவன் வயசுல ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஊட்டிக்கா ஓட்டறோம், அடையாருக்குத்தானே ஓட்டறோம், எதுக்குய்யா ஹேண்ட் பிரேக்? நம்ம ஊர்ல லாரி ஓட்டற முக்கால்வாசிப் பேர் இன்னும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்காங்க. நம்ம கண்ணுக்கு ரோடு சமமாத்தான் தெரியும். பன்னெண்டாயிரம் லிட்டர் தண்ணிக்கு அது எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியும்.

நான் செய்யறதைச் சொல்றேன், பொறுமையா கேளு. இது தெரியாம பின்னாடி சொல்லப் போறது உனக்குப் புரியாது. முதல்ல சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் மரக்கட்டை வைப்பேன். அதை வைக்காம வண்டிக்கு அடியில தலையை நீட்டமாட்டேன். காத்து டேங்குக்கு அடியில ஒரு வளையம் இருக்கும், அதை இழுத்து உள்ளே சேர்ந்த தண்ணியை வெளியேத்துவேன். அது தேங்கினா வால்வெல்லாம் துருப்பிடிச்சுக் கெட்டுப்போகும். அப்புறம் டிரைவரை ஹேண்ட் பிரேக் லிவரை இழுக்கச் சொல்லிட்டு, பின் அச்சுல பிரேக் தண்டு எவ்வளவு தூரம் வெளியே வருதுன்னு அளந்து பார்ப்பேன். ரொம்ப நீளமா வந்தா லைனிங் தேய்ஞ்சிருக்குன்னு அர்த்தம், அந்த வண்டி வெளியே போகாது. கடைசியா கட்டையை எடுத்துட்டு, ஹேண்ட் பிரேக் போட்டபடியே முதல் கியர்ல கிளட்சை மெதுவா விடச் சொல்லுவேன். வண்டி முக்கணும், முனகணும், ஆனா நகரக்கூடாது. ஒரு விரக்கடை நகர்ந்தாலும் திருப்பி ஷெட்டுக்கு அனுப்பிடுவேன். கெட்ட வார்த்தை விழும். விழட்டும்.

காருக்கும் லாரிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. லாரியில ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சு வைக்கறது காத்து இல்ல, ஸ்பிரிங். பின்சக்கரம் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல தேங்காய் சைஸ்ல ஒரு இரும்பு டப்பா இருக்கும். அதுக்குள்ள ஒரு முரட்டு ஸ்பிரிங். அது எப்பவும் பிரேக்கை அழுத்திப் பிடிக்கத்தான் பார்க்கும். காத்து உள்ளே போய் அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வெச்சாத்தான் சக்கரம் சுத்தும். லிவரை இழுத்தா காத்து வெளியே போயிடும், ஸ்பிரிங் விரிஞ்சு சக்கரத்தைப் பிடிச்சுக்கும். நல்லா யோசிச்சுப் பண்ணின ஏற்பாடு. காத்துக் குழாய் எங்கே வெடிச்சாலும் வண்டி தானா நின்னுடும். ஆனா நடு ரோட்டுல அப்படி நின்னுட்டா தள்ளிக்கூடக் கொண்டுபோக முடியாதே, அதுக்காக அந்த டப்பா கூடவே ஒரு நீள போல்ட் குடுத்திருப்பாங்க. டப்பாவோட முதுகுல ஒரு ஓட்டை. அதுல போல்ட்டை விட்டு முறுக்கினா ஸ்பிரிங் சுருங்கி மாட்டிக்கும். ரெண்டு பக்கமும் போட்டுட்டா அந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக்கே கிடையாது. அவசரத்துக்கு இழுத்துக்கிட்டுப் போய் ஓரம் கட்டத்தான் அது. கட்டின உடனே கழட்டிடணும். நான் ஒவ்வொரு வண்டியிலயும் கட்டையை எடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஓட்டையை விரல் விட்டுத் தடவிப் பார்க்கறேன். "இன்னா பெருசு, நாடி புடிச்சிப் பாக்குறியா?"ம்பான் பாபு. ஏன் தடவறேன்னு இந்த யார்டுல ஒருத்தனுக்கும் தெரியாது.

இப்ப அந்த நாளுக்கு வரேன்.

உனக்குப் பதினோரு வயசு. மே மாசம், பள்ளிக்கூடம் லீவு. குழாய்ல சொட்டுத் தண்ணி இல்லாத கோடை. உங்கம்மா தி.நகர் துணிக்கடையில காலையில நின்னா ராத்திரி வரைக்கும் நிக்கணும், உன்னை வீட்டுல தனியா விட மனசில்லாம நான் லாரியில ஏத்திக்கிட்டுப் போவேன். உனக்கும் அது பிடிக்கும். கேபின்ல உசரமா உக்காந்து பஸ்ஸுல போறவங்களுக்கு டாட்டா காட்டுவே. அன்னைக்குக் காலையில மத்திய கைலாஷ் சிக்னல்ல நம்ம வண்டியோட காத்துக் குழாய் டப்புன்னு வெடிச்சுது, ஞாபகம் இருக்கா? பின்சக்கரம் ரெண்டும் ஆணி அடிச்ச மாதிரி நின்னுடுச்சு. பின்னாடி ஒரே ஹாரன். போலீஸ்காரர் கேபின் கதவைத் தட்டித் தட்டிக் கத்தறாரு. நான் சக்கரத்துக்குக் கட்டை வெச்சுட்டு அடியில போனேன். நீதான் ஸ்பேனரை எடுத்துக் குடுத்தே. அந்த ரெண்டு போல்ட்டையும் விட்டு முறுக்கினேன். இன்னொரு தண்ணி லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போய் மெக்கானிக் கடையில விட்டாரு. இழுக்கற அவசரத்துல கட்டையை சிக்னல்லயே விட்டுட்டோம்.

அரை மணி நேரத்துல குழாய் மாத்தியாச்சு. காத்து ஏறியாச்சு. மெக்கானிக் கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னான்: "போல்ட்ட கயட்டிட்டு வண்டிய எடு நைனா, மறந்துடப் போறே." தெரியும்டா, எனக்கு நீ சொல்றியான்னேன். மறந்துட்டேன்னு இப்ப எழுதினா அது இன்னொரு பொய். நான் மறக்கல. பத்து நிமிஷ வேலை, திரும்ப ரோட்டுல படுக்கணும், வெயில் கொளுத்துது, அடையார்ல அந்த அபார்ட்மெண்ட்காரங்க ரெண்டு நாளா தண்ணி இல்லாம காத்துக்கிட்டிருக்காங்க. ஒரு லோடு எறக்கிட்டு வந்து கழட்டிக்கலாம், மெட்ராஸ்ல மேடு எங்கே இருக்குன்னு நினைச்சேன். அதே வார்த்தை. அப்படியே கிளம்பி, லோடு ஏத்திக்கிட்டு அடையார் போனேன்.

அந்தத் தெரு ஆத்துப் பக்கமா போற தெரு. பார்த்தா சமமாத்தான் இருக்கும். வண்டியை காம்பவுண்டு ஓரமா நிறுத்தினேன். நம்ம வண்டியில பம்ப் இன்ஜினோட சேர்ந்து ஓடும், அது ஓடணும்னா கியர் நியூட்ரல்ல இருக்கணும். அப்ப வண்டியைப் பிடிச்சு நிறுத்தறது ஹேண்ட் பிரேக் ஒண்ணுதான். அது செத்துக் கிடக்குன்னு எனக்குத் தெரியும். எப்படியும் பிடிக்காத பிரேக்கை எதுக்கு இழுக்கணும்னு லிவர்ல கைகூட வைக்கல. மரக்கட்டையும் இல்ல. மரத்தடியில கிடந்த செங்கல் ஒண்ணை எடுத்து முன்சக்கரத்துக்கு அடியில சொருகிட்டு, பின்னாடி போய் வால்வைத் திறந்தேன். வாட்ச்மேன் ஏழுமலை அண்ணன் வண்டிக்கு முன்னாடி, கேட் தூணுக்குப் பக்கத்துல, தரையடித் தொட்டி மூடியைத் திறந்து ஹோஸ் பைப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. பைப்புல எங்கேயோ ஒழுகி செங்கல் நனைஞ்சிருக்கு. நனைஞ்சு, வண்டி அதிர்ந்த அதிர்வுல பொடிஞ்சு போச்சு.

அவர் கத்தின சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன். அதுக்குள்ள பம்பருக்கும் தூணுக்கும் நடுவுல அவர் கால் மாட்டிக்கிச்சு. கேபின்ல தாவி ஏறி கால் பிரேக்கை மிதிச்சேன். நீ டிரைவர் சீட்டுல இருந்தே. உன் ரெண்டு கையும் லிவர் மேல இருந்துச்சு. நைனா நைனான்னு அழுதுக்கிட்டிருந்தே. ஜனம் கூடிடுச்சு. நான் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, கியர்லயே நிறுத்திட்டு, கீழ விழுந்தவரைத் தூக்கினேன். இன்னாப்பா ஆச்சுன்னு யாரோ கேட்டதுக்கு அவர் அரை மயக்கத்துல, "கொயந்த அதுல கைய வெச்சிக்கினு கீது" அப்படின்னாரு. அவர் கண்ணால பார்த்ததைத்தான் சொன்னாரு. கேட்டவங்க அதைக் கதையா மாத்திட்டாங்க. பாப்பா விளையாட்டா பிரேக்கை எடுத்துடுச்சாம்னு ரெண்டே நிமிஷத்துல தெரு முழுக்கப் பரவிடுச்சு. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. இல்லைன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல.

அது மட்டும் இல்ல. ஆட்டோவுல அவரை ஏத்தி அனுப்பிட்டு, கூட்டம் அந்தப் பக்கம் போன நேரமா பார்த்து, நான் வண்டிக்கு அடியில போய் அந்த ரெண்டு போல்ட்டையும் கழட்டி பேண்ட் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். நீ இன்னும் கேபின்லதான் உக்காந்திருந்தே. உனக்கு நேர் கீழ, ரோட்டுல மல்லாந்து படுத்துக்கிட்டு, நீ அழறதைக் கேட்டுக்கிட்டே கழட்டினேன். சாயங்காலம் வண்டியைச் சோதிக்க வந்தவர், ஹேண்ட் பிரேக் நல்லா பிடிக்குது, குறையே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாரு. பிரேக் நல்லா இருக்குன்னா அதை யாரோ எடுத்துவிட்டிருக்கணும் இல்லையா? பழி உன் தலையில விழுந்துடுச்சு. நான் விழ வெச்சேன்.

இரு. வாசல்ல ரெண்டு வண்டி நிக்குது.

மணி பதினொண்ணாச்சு. ரெண்டுல ஒண்ணைத் திருப்பி ஷெட்டுக்கு அனுப்பிட்டேன், தண்டு கையகலம் வெளியே நீட்டுது. இதுக்கு நடுவுல மேலே எழுதினதை ஒரு தடவை படிச்சேன். கிழிச்சுப் போட்டுடலாமான்னு கை பரபரன்னு வந்துச்சு. கிழிக்கல.

ஏன் பண்ணினேன்னு நீ கேப்பே. லைசென்ஸ் போயிடும், ஜெயிலுக்குப் போகணும், சோத்துக்கு இருக்கிறது அந்த ஒரு லாரிதான்னு பயம். பொறம்போக்குப் பயம். இன்னொண்ணும் நினைச்சேன், அதையும் மறைக்காம சொல்லிடறேன். குழந்தையை யார் என்ன பண்ணப் போறாங்க, கேஸா போடுவாங்க, நாலு நாள்ல அது மறந்துடும்னு நினைச்சேன். ஊர்ல யாரும் உன்னை ஒண்ணும் பண்ணல. எல்லாரும் நல்லவங்களாத்தான் இருந்தாங்க. அதுதான் உன்னை நாசம் பண்ணிச்சு. திட்டியிருந்தா நீ எதிர்த்துப் பேசியிருப்பே.

ஒரு வாரம் கழிச்சு ஏழுமலை அண்ணனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தே. நான் கூப்பிடல, நீயா வரேன்னே. சாத்துக்குடிப் பையைத் தூக்க முடியாம தூக்கிக்கிட்டு வந்தே. கட்டில் கால்மாட்டுல போய், அவர் கால்ல விழணும்னு குனிஞ்சே. போர்வைக்குக் கீழ ஒரு பாதம்தான் இருந்துச்சு. நீ அதைப் பார்த்துட்டு அப்படியே நின்னே, அப்புறம் அந்த ஒரு பாதத்தையே பிடிச்சுக்கிட்டு, தெரியாம பண்ணிட்டேன் மாமான்னு அழுதே. அவர் உன் தலையைத் தடவி, "அயாத பாப்பா, நீ இன்னா வோணும்னா பண்ணே"ன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். கண்ணு, என் வாழ்க்கையில எத்தனையோ அயோக்கியத்தனம் பண்ணியிருக்கேன், ஆனா அன்னைக்கு ஜன்னல் பக்கம் திரும்பினேனே, அதுக்கு ஈடா ஒண்ணும் இல்ல.

அப்புறம் நீ வளர்ந்ததை நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். லிஃப்ட்ல பட்டனை நீ அழுத்தமாட்டே, வேற யாராவது வர்ற வரைக்கும் நிப்பே. காலேஜுக்கு வாங்கிக் குடுத்த ஸ்கூட்டியை ஒரு நாள்கூட எடுக்கல, அது வீட்டு முன்னாடி நின்னு டயர் வெடிச்சுது. கேஸ் அடுப்பை மூடிட்டு நாலு தடவை திரும்பி வந்து பார்ப்பே. உங்கம்மா அதைப் பொறுப்புன்னு நினைச்சா. பொண்ணு எதுலயும் ஜாக்கிரதை, எதையும் அனாவசியமா தொடாதுன்னு உன்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்ககிட்டயே பெருமையா சொன்னா. நான் அப்பவும் காபி டம்ளரையே பார்த்துக்கிட்டிருந்தேன். உன் கல்யாணத்தன்னைக்குச் சொல்லிடணும்னு நினைச்சேன். இன்னைக்குப் போய் எதுக்குன்னு விட்டேன். யாழினி பொறந்தப்போ நினைச்சேன். வெள்ளத்துல வேளச்சேரியில மாட்டிக்கிட்டு நீ போன் பண்ணினே இல்ல, அப்ப நினைச்சேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு கிடைச்சுது. அந்த போல்ட்டைக் கழட்டாம விட்ட மாதிரிதான். இந்த லோடு எறக்கிட்டு, அடுத்த லோடு எறக்கிட்டுன்னு இருபத்திரண்டு வருஷம் ஓட்டிட்டேன். அந்த அடி யாழினி மேல விழுந்த பிறகுதான் இதுக்கு மேல ஓட்ட முடியாதுன்னு ஆச்சு.

உங்கம்மாகிட்ட செவ்வாய்க்கிழமை சொன்னேன். நேத்து ஏழுமலை அண்ணனைப் போய்ப் பார்த்தேன். கோட்டூர்புரத்துல பெட்டிக்கடை வெச்சிருக்காரு, உனக்குத் தெரியும், தீபாவளிக்குத் தீபாவளி நீ அவருக்கு வேட்டி குடுத்தனுப்புவியே. கடையில ஆள் இல்லாத நேரமா பார்த்து எல்லாத்தையும் சொன்னேன். போல்ட், செங்கல், எல்லாம். காறித் துப்புவாரு, கட்டையை எடுத்து அடிப்பாருன்னு நினைச்சுத்தான் போனேன். அவர் ரொம்ப நேரம் மிட்டாய் பாட்டில் மூடியையே திருகிக்கிட்டிருந்தாரு. அப்புறம் கேட்டாரு.

"அந்தக் கொயந்த வந்து என் கால்ல வியுந்துச்சே. அப்ப நீ பக்கத்துல நின்னுக்கினுதான இருந்தே?"

ஆமாம்னேன்.

"என் காலு போனது போவட்டும்யா. அது உன் திமிரு, உன் அவசரம். நானும் அந்த வயசுல அப்டித்தான் இருந்தேன். அந்தப் புள்ள என் கால புடிச்சிக்கினு அய்துச்சே, அதப் பாத்துக்கினு எப்டிய்யா நின்னே? நீ மனுசனா?"

எழுந்து வந்தேன். நாலு அடி போனதும் கூப்பிட்டாரு. "இன்னொண்ணு கேட்டுக்க. வண்டி மொதல்ல நவந்துச்சு. அப்பாலதான் அந்தப் புள்ள அந்தாண்ட சீட்டுலேர்ந்து தாவி வந்து கைய வெச்சிச்சு. நான் கண்ணாடி வயியா பாத்தேன். என்ன யாரும் ஒயுங்கா கேக்கல, நானும் கொயந்தயப் போயி இன்னாத்த பேசறதுன்னு வுட்டுட்டேன்." இதை அவர் வாயால உனக்குச் சொல்லணும்னாரு. நீ எப்ப வேணா போ. கடையை மூடிட்டு உக்காந்து பேசறேன்னாரு.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. இதை உங்கம்மாகிட்டகூடச் சொல்லல. இதுதான் எல்லாத்தையும்விடப் பெரிசு.

விபத்து நடந்த அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவுல நீ என் மடியில தலையை வெச்சுப் படுத்திருந்தே. கேபினுக்குள்ள என்னம்மா ஆச்சுன்னு கேட்டேன். கேட்டது உன் மேல இருக்கிற அக்கறையில இல்ல, நீ என்ன பார்த்தேன்னு தெரிஞ்சுக்கத்தான். நீ சொன்னே: "வண்டி ஆடுச்சு நைனா. நீ இழுப்பியே, அது மாதிரி நான் அதை இழுத்தேன். ஸ்ஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு. நான் இழுத்ததாலதான் வண்டி போயிடுச்சா?"

இப்ப மேலே நான் எழுதினதைத் திரும்பப் படி. லிவரை எடுத்துவிட்டா காத்து டப்பாவுக்குள்ளே போகும், வெளியே இருக்கிறவனுக்குச் சத்தம்னு பெரிசா ஒண்ணும் கேக்காது. இழுத்தாத்தான் காத்து வெளியே பீச்சும். ஸ்ஸ்ஸுன்னு சத்தம் வரது ஹேண்ட் பிரேக்கைப் போடும்போது. முப்பது வருஷம் லாரி ஓட்டினவன் நான், அந்தச் சத்தத்தை நீ சொன்ன நிமிஷமே எனக்குப் புரிஞ்சு போச்சு. நீ பிரேக்கை எடுக்கல. போட்டே. அந்தத் தெருவுல அத்தனை பெரியவங்க இருந்தோம், அந்த வண்டியை நிறுத்தப் பார்த்தது பதினோரு வயசு நீ ஒருத்திதான். நான் தினமும் செய்யறதைப் பார்த்து வெச்சுக்கிட்டு, ஒருத்தரும் சொல்லிக் குடுக்காமலே, ரெண்டு கையாலயும் சரியா இழுத்திருக்கே. அது பிடிக்காம போனதுக்குக் காரணம் நான் கழட்டாம விட்ட ரெண்டு போல்ட். இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டே உன் தலையைத் தடவி, பரவால்ல விடும்மா, நீ தெரியாமத்தானே பண்ணேன்னு சொன்னேன். அந்த வாயாலதான் அதுக்கப்புறமும் உன்னைக் கண்ணுன்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கேன்.

மன்னிப்பு கேக்கறதுக்கு இதை எழுதல. கேட்டா நீ குடுத்துடுவே, அந்தச் சுபாவம் உனக்கு. குடுக்காதே. இந்தத் தாளோட ஒரு துணிப் பொட்டலம் இருக்கும், அதுல அந்த ரெண்டு போல்ட்டும் இருக்கு. எங்கே கொண்டுபோய்க் குடுக்கணும்னு தோணுதோ குடு, யார்கிட்ட வேணாலும் இந்தக் கடிதத்தைக் காட்டு. மாப்பிள்ளைகிட்ட கண்டிப்பா காட்டு. யாழினிகிட்ட மட்டும் வாயால சொல்லு. அம்மா அன்னைக்கு வண்டியை உருட்டல, நிறுத்தப் பார்த்தான்னு சொல்லு. என்னைப் பத்தி என்ன சொல்லணுமோ அது உன் இஷ்டம்.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், முடிஞ்சா செய். ஞாயித்துக்கிழமை மத்தியானம் யார்டுல ஆளே இருக்காது. யாழினியையும் கூட்டிக்கிட்டு வா. என்கூடப் பேச வேண்டாம், நான் கேட் பக்கமே நின்னுக்கறேன். பாபுவோட வண்டியைக் காத்து ஏத்தி, கட்டை வெச்சு, லிவரை எடுத்துவிட்டு நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கேன். ஏறி டிரைவர் சீட்டுல உக்காரு. அவளை மடியில வெச்சுக்கோ. ரெண்டு பேரும் சேர்ந்து அந்த லிவரை இழுங்க. ஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும், நீ அன்னைக்குக் கேட்ட அதே சத்தம். வண்டி நிக்கும், கண்ணு. அன்னைக்கும் நின்னிருக்கும்.

நைனா